டாக்காவில் 1906-ஐத் தேடி ஒரு நடைச் சுற்றுலா: மதிப்புரை

அகில இந்திய முஸ்லிம் லீக் 1906-இல் பிறந்த கதையை, அது பிறந்த ஊரிலேயே சொல்வதாக விளம்பரம் செய்யும் ஓர் அரைநாள் சுற்றுலாவில் அண்மையில் கலந்துகொண்டேன். திருப்பூரிலிருந்து ஆடைத் தொழில் வேலையாக டாக்காவுக்குச் செல்வோர் பலர் இருப்பதாலும், விடுமுறை நாளில் அங்கே என்ன பார்க்கலாம் என்று அவர்கள் கேட்பதாலும் இதை எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், நவாபின் மாளிகையைக் காட்டுவதில் குறையே இல்லை. கட்சி பிறந்த கதையைச் சொல்வதில்தான் அரைவேக்காடு.

நடை, பழைய டாக்காவின் துணிச் சந்தையான இஸ்லாம்பூரில் தொடங்குகிறது. துணிப் பொதிகளைத் தலையில் சுமந்து வருவோருக்கும் சைக்கிள் ரிக்‌ஷாக்களுக்கும் வழிவிட்டு ஒதுங்கியபடியே சென்றால், புரிகங்கை ஆற்றங்கரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் அஹ்சன் மன்ஸில் எழுந்து நிற்கிறது. நவாப் அப்துல் கனி கட்டுவித்துத் தம் மகன் அஹ்சனுல்லாவின் பெயரைச் சூட்டிய இம்மாளிகை 1888-இல் வீசிய சுழற்காற்றில் சிதைந்து, பின்னர் செப்பனிடப்பட்டது. 1992 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. பழைய புகைப்படங்களைப் பார்த்து உணவறையையும் வரவேற்பறையையும் மீண்டும் அமைத்திருக்கிறார்கள் என்பதை வழிகாட்டி ஒவ்வொரு பொருளாகச் சுட்டிக்காட்டி விளக்கினார். நீண்ட உணவு மேசையின் முன் நிற்கும்போது, இக்குடும்பத்தின் செல்வாக்கு எத்தகையது என்பது எந்த உரையும் இல்லாமலேயே விளங்கிவிடுகிறது.

1905 அக்டோபர் 16 அன்று வங்கம் பிரிக்கப்பட்டு, கிழக்கு வங்காளமும் அசாமும் சேர்ந்த புதிய மாகாணத்துக்கு டாக்கா தலைநகரானதையும், அதனால் அஹ்சனுல்லாவின் மகன் நவாப் சலிமுல்லாவின் கை ஓங்கியதையும், கல்கத்தாவில் பிரிவினைக்கு எதிராகச் சுதேசி இயக்கம் கொதித்தெழுந்ததையும் வழிகாட்டி தெளிவாகவே சொன்னார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் புதிய மாகாணம் நிலைக்க வேண்டுமானால் தங்களுக்கென ஓர் அரசியல் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் சலிமுல்லாவுக்கு ஏன் தோன்றியது என்பதற்கு இவ்விளக்கம் போதும்.

குறை அதற்குப் பின்தான் தொடங்குகிறது. லீக்கின் தொடக்ககாலத் தலைவர்களின் படங்கள் மாட்டப்பட்டுள்ள அறையில் எங்களை நிறுத்தி, கட்சி இங்கேதான் உருவானது என்று நினைக்கும்படியாகவே அவர் பேசினார். உண்மையில் அது நடந்தது ஆற்றங்கரையில் அல்ல, நகரின் வடபால் ஷாபாகில் இருந்த நவாபின் தோட்ட மாளிகையில். சர் சையது அகமது கான் 1886-இல் தொடங்கிய முகமதியக் கல்வி மாநாட்டின் ஆண்டுக் கூட்டம் 1906 டிசம்பர் இறுதியில் அங்கு நடைபெற்றது. முஸ்லிம்கள் கல்வியில் முன்னேறும்வரை அரசியலில் இறங்கக்கூடாது என்பது சர் சையதின் கொள்கை. ஆகவே கல்வி மாநாட்டை முறைப்படி முடித்துவிட்டு, டிசம்பர் 30 அன்று அரசியலுக்கெனத் தனிக்கூட்டம் கூட்டினார்கள். விகார்-உல்-முல்க் தலைமை தாங்க, சலிமுல்லா தீர்மானத்தை முன்மொழிய, ஹக்கீம் அஜ்மல் கான் வழிமொழிந்தார். கல்விக்காக வந்தவர்கள் கட்சியோடு ஊர் திரும்பிய இந்தத் திருப்பத்தைவிடச் சுவையான இடம் இக்கதையில் வேறில்லை. சுற்றுலாவோ அதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டது. ஷாபாகிலும் வண்டியை நிறுத்தவில்லை. நெரிசலில் ஊர்ந்துகொண்டே, மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கும் திசையைக் கண்ணாடி வழியே கைகாட்டியதோடு சரி. பழைய தோட்டம் இன்று அங்கில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இறங்கி நின்று சொல்ல வேண்டிய கதை அது.

கையில் தரும் துண்டுப் பிரசுரத்தின் முகப்பில் ஜின்னாவின் படம் இருக்கிறது. லீக் பிறந்த அந்த நாள்களில் ஜின்னா கல்கத்தாவில், காங்கிரஸ் மாநாட்டில் தாதாபாய் நௌரோஜிக்குத் துணையாக இருந்தார். லீக்கில் சேர்ந்தது 1913-இல்தான். 1906-இல் கூடியவர்கள் முதன்மையாக அறிவித்த நோக்கங்கள், ஆங்கில அரசிடம் முஸ்லிம்களின் விசுவாசத்தை வளர்ப்பதும் அவர்களுடைய அரசியல் உரிமைகளைக் காப்பதும் ஆகும். அதே ஆண்டு அக்டோபரில் ஆகா கான் தலைமையில் 35 பேர் கொண்ட தூதுக்குழு சிம்லாவில் வைஸ்ராய் மிண்டோவைச் சந்தித்து, முஸ்லிம்கள் மட்டும் வாக்களித்துத் தங்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தனித் தொகுதிகளைக் கேட்டதன் தொடர்ச்சி அது. தனிநாடு அங்கு யாருடைய பேச்சிலும் இல்லை. 1947-லிருந்து பின்னோக்கி நடந்து 1906-ஐப் பார்க்கும் பழக்கம் நம்மிடமும் உண்டு என்றாலும், பணம் வாங்கிக்கொண்டு வரலாறு சொல்பவர்கள் அதைச் செய்வது சரியில்லை. 1911-இல் வங்கப் பிரிவினை ரத்தானபோது சலிமுல்லாவின் கணக்கு முழுவதும் பொய்த்துப்போனதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

வழிகாட்டி பண்பானவர், கேள்வி கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார், ஷாபாக் பற்றிய செய்தியும் நான் கேட்டபின் அவர் வாயிலிருந்தே வந்தது. கட்டணம் சற்றுக் கூடுதல். அருங்காட்சியக நுழைவுச் சீட்டு அதில் அடக்கமா என்பதை முன்பே உறுதிசெய்துகொள்வது நல்லது. 1948 மார்ச் 10 அன்று சென்னையில் காயிதே மில்லத் தலைமையில் உருவான இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் முன்கதையை அறிய விரும்பும் தமிழ் வாசகர்கள், ஷாபாகில் கட்டாயம் இறங்க வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளலாம். மாளிகையை மட்டும் பார்க்க விரும்புவோருக்கு வழிகாட்டி தேவையில்லை. சதர்காட் படகுத்துறை வரை ரிக்‌ஷாவில் சென்று, அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.