கேபிள் பதித்தவர்கள் கழிவுநீர்க் குழாயை உடைத்தால் யாரிடம் இழப்பீடு கேட்பது?

நிலத்தடிக் கேபிள் பதிக்கும் வேலையில் ஒரு வீட்டின் கழிவுநீர்க் குழாய் சேதமடைந்தால், வீட்டுக்காரர் இழப்பீடு கேட்கக்கூடிய இடங்கள் நான்கு: மண்ணைத் துளைத்த ஒப்பந்ததாரர், வேலையைக் கொடுத்த கேபிள் நிறுவனம், தெருவைத் தோண்ட அனுமதி தந்த உள்ளாட்சி அமைப்பு, தம் சொந்த வீட்டுக் காப்பீடு. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள் என்பதால், முதல் கடிதம் யாருக்குப் போகவேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது. அது கேபிள் நிறுவனத்துக்கே போகவேண்டும் என்பது என் கருத்து.

பள்ளம் வெட்டிக் கேபிள் பதிக்கும்போது குழாய் உடைந்தால் அது அங்கேயே கண்ணில் பட்டுவிடும். பெரிய சச்சரவுக்கு இடமிருக்காது. சிக்கலெல்லாம் கிடைமட்டத் துளையிடலில்தான். மேற்பரப்பைத் திறக்காமல் ஓரிடத்தில் இறங்கி வேறோரிடத்தில் ஏறும் துளைக்கருவி, வழியில் சுட்ட மண் குழாயோ பிவிசி குழாயோ குறுக்கிட்டால், ஊசி துணியைத் துளைப்பதுபோல அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். இயக்குபவருக்கே பல நேரங்களில் அது தெரிவதில்லை. அதன் பின்னால் இழுக்கப்படும் கேபிள் உறை, கழிவுநீர்க் குழாயின் குறுக்கே நிலைத்துவிடுகிறது. தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு ஓடும்; காகிதமும் கொழுப்பும் அதில் சிக்கி முழு அடைப்பாக மாற மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். அதற்குள் ஒப்பந்ததாரர் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

ஒப்பந்ததாரரை நேரடியாக அணுகுவதில் ஒரு வசதி உண்டு: ஆட்கள் இன்னும் தெருவில் இருக்கும்போதே உடைப்பு தெரிந்தால், அவரே அன்றைக்கோ மறுநாளோ சரிசெய்து தருவதாகச் சொல்வார். தவறு அவர் கையால் நடந்தது என்பதால் கவனக்குறைவை நிறுவுவதும் எளிது. ஆனால் துளையிட்டவர் பெரும்பாலும் துணை ஒப்பந்ததாரராகவோ, அவருக்கும் கீழே வேலை எடுத்தவராகவோ இருப்பார். பெயரைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை, அவரிடம் பணமோ காப்பீடோ இருக்கிறதா என்பது அடுத்த கவலை. உடைந்த துண்டை வெட்டியெடுத்து, புதுத் துண்டை வைத்து, ரப்பர் இணைப்பால் இறுக்கி மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். கழிவுநீர் சரிவினால் மட்டுமே ஓடுவது. சரிவு சிறிது பிசகினாலும் அதே இடத்தில் மீண்டும் தேங்கும். ஆகவே குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்காமல் "முழுமையான, இறுதியான தீர்வு" என்று எழுதப்பட்ட எந்தத் தாளிலும் கையெழுத்திடக் கூடாது. வீட்டுக்குள் ஏறிய கழிவுநீரைச் சுத்தம் செய்த செலவும் பெயர்த்த தரையை மீண்டும் போடும் செலவும் அந்த ஒரு கையெழுத்தோடு போய்விடும்.

கேபிள் நிறுவனம் சொல்லும் முதல் பதில், "தனி ஒப்பந்ததாரர் செய்த தவறுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்பதாகவே இருக்கும். பொது விதி அதுதான் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அந்த விதிக்கு நெடுங்காலமாகவே விலக்குகள் உண்டு. இங்கிலாந்தில் 1896இல் தீர்ப்பான ஹார்டேக்கர் வழக்கு ஏறக்குறைய இந்தப் பிரச்சினையின் தலைகீழ் வடிவம்: உள்ளாட்சி மன்றம் ஒன்று சாக்கடை அமைக்க ஒப்பந்ததாரரை அமர்த்தியது, அவருடைய கவனக்குறைவால் எரிவாயுக் குழாய் உடைந்து ஒரு வீட்டில் வெடிப்பு நேர்ந்தது, வேலையைப் பிறரிடம் ஒப்படைத்ததாலேயே மன்றத்தின் பொறுப்பு நீங்கிவிடாது என்று நீதிமன்றம் சொன்னது. இந்தியாவில் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 10ஆம் பிரிவும், இயன்றவரை குறைந்த சேதமே செய்யவேண்டும், செய்த சேதத்துக்கு முழு இழப்பீடு தரவேண்டும் என்று தந்தி, தொலைபேசித் தடங்களை அமைக்கும் அதிகார அமைப்பின்மீதே கடமையைச் சுமத்தியது. இவற்றுக்கு மேல் நடைமுறைக் காரணங்களும் இருக்கின்றன. தோண்டும் அனுமதி வழக்கமாக நிறுவனத்தின் பெயரில் இருக்கும்; ஒப்பந்ததாரரிடமிருந்து ஈடு பெறும் விதியும் அவர்களுடைய ஒப்பந்தத்திலேயே இருக்கும். யார் துளைத்தார் என்று தேடும் வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம். கடிதத்தின் நகலை ஒப்பந்ததாரருக்கும் அனுப்பினால், பின்னால் எவரும் தமக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

உள்ளாட்சி அமைப்பிடம் பணம் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அங்கே போகவேண்டியது அனுமதிப் பத்திரத்தின் நகலுக்காகவும், குழாயின் எந்தப் பகுதி வீட்டுக்காரருடையது, எது பொது அமைப்புடையது என்று உறுதிசெய்துகொள்வதற்காகவும்தான்.

சொந்தக் காப்பீடு வேகமான வழிபோலத் தோன்றும். ஆனால் மண்ணுக்கடியில் உள்ள குழாய்களை விலக்கிவைக்கும் பத்திரங்கள் பல. தனியாகச் சேர்த்த பிரிவு இருந்தால்தான் பயன். அப்படி இருந்தாலும் செலவில் பத்திரம் குறிப்பிடும் முதல் பங்கைக் கையிலிருந்து கட்டவேண்டும். காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரின் இடத்தில் நின்று கேபிள் நிறுவனத்திடம் வசூலிக்கும். இதற்கிடையே ஒப்பந்ததாரருக்கு, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று விடுதலைக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த உரிமை அடிபடும், கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம். ஆகவே இது கடைசி வழி. வீடு குடியிருக்க முடியாத நிலையில் இருந்தால் மட்டும் முதல் வழி.

யாரிடம் போனாலும் இரண்டு எதிர்வாதங்கள் வரும். முதலாவது, குழாய் முன்பே வேர் புகுந்து உடைந்திருந்தது என்பது. இரண்டாவது, குழாய் எங்கே இருக்கிறதென்று யாரும் அடையாளமிடவில்லை என்பது. அமெரிக்காவில் 2007 முதல் நாடெங்கும் 811 என்ற எண்ணுக்குச் சொன்னால் நிலத்தடி வழித்தடங்களை அடையாளமிட்டுத் தருகிறார்கள். ஆனால் இத்தகைய அடையாளமிடல் பொதுவாகச் சேவை நிறுவனங்கள் தங்கள் சொந்தக் குழாய்களையும் கம்பிகளையும் காட்டுவதோடு நின்றுவிடும். மண் குழாயும் பிவிசியும் உலோகமல்ல என்பதால் நிலத்தடித் தடங்களைத் தேடும் மின்காந்தக் கருவிக்கும் அகப்படாது. வீடுகள் உள்ள தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் கழிவுநீர் இணைப்பு இருக்கும் என்பது துளையிடுபவருக்குத் தெரியாததல்ல. கேமராவை விட்டுக் குழாயின் ஆழத்தைப் பார்த்துக்கொள்ளும் வழியும் இருந்தது. அதனால் இரண்டாவது வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை.

முதலாவது வாதத்துக்குக் காணொளியே பதில். குழாய்க்குள் விடும் கேமராவின் திரையில், ஒரு பக்கச் சுவரில் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வண்ண உறையும், திரையின் ஓரத்தில் ஓடும் தூர எண்ணும் பதிவாகியிருந்தால், வேரைப் பற்றிப் பேச அதிகமில்லை. பழுது பார்ப்பதற்கு முன்பே இதை எடுத்துவிடவேண்டும். வெட்டிய துண்டையும் எறியாமல் வைத்திருக்கவேண்டும். குறுக்கே இருப்பது கேபிள்தானா என்று தெரியும்வரை சுழலும் வெட்டுக்கருவியால் அடைப்பை எடுக்கவே கூடாது. 1976இல் அமெரிக்காவின் கெனோஷா நகரில், கழிவுநீர்க் குழாயின் ஊடாகப் போயிருந்த எரிவாயுக் குழாயை அப்படிப்பட்ட கருவி துளைத்து ஒரு வீடு வெடித்தது.

எஞ்சியிருப்பது காலக்கெடு. பல ஆண்டுகள் கழித்து வெளிப்படும் சேதத்துக்குக் கெடு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தின் 1986ஆம் ஆண்டு மறைசேதச் சட்டம், தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் தருகிறது. ஆனால் தவறு நடந்து 15 ஆண்டுகள் கடந்தால் அதுவும் இல்லை. ஆகவே கடிதத்தில் சேதம் தெரியவந்த தேதியைத் தெளிவாக எழுதி, காணொளியின் நகலையும் பழுதுபார்ப்பு மதிப்பீட்டையும் இணைத்து, பதில் தரவேண்டிய நாளையும் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும்.