முட்டி ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு பிசியோ புக் பண்றவங்க உஷாரா இருங்க

அம்மாவுக்கு மதுரையில முட்டி மாத்துற ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, அதுல ஒரு குறையும் இல்ல. வீட்டுக்கு வந்தப்புறம் வலி தாங்க முடியலன்னு ஆன்லைன்ல ஒரு ஹோம் பிசியோ கம்பெனிய புடிச்சோம். "வலியில்லாத பேக்கேஜ்"னு சொல்லி 18,000 ரூபாய மொத்தமா முன்னாடியே வாங்கிட்டாங்க. சீனியர் பிசியோதெரபிஸ்ட் வருவாருன்னாங்க, வந்தது ஒரு சின்னப் பையன், என்ன தம்பி படிச்சிருக்கன்னு கேட்டா "கோர்ஸ் முடிச்சிருக்கேன்க்கா"ன்றான், அதுக்கு மேல பேச்சே இல்ல.

வருவான், ஒரு ஹீட் மெஷின ஆபரேஷன் பண்ண முட்டிலயே வச்சு விட்டுட்டு போன் நோண்டுவான். "வலிச்சா மடக்காதீங்கம்மா, முட்டிக்கு அடியில தலகாணி வச்சு படுங்க"ன்னுட்டான். வலில துடிக்கிற மனுஷிக்கு அத விட இதமான வார்த்தை உண்டா, அம்மா அவன அப்படியே நம்பிட்டாங்க.

ரிவ்யூக்கு போனா 90 டிகிரி மடங்க வேண்டிய கால் பாதி கூட மடங்கல, நேரா நீட்டவும் வரல. மெஷின் போட்டோவ பாத்ததும் டாக்டருக்கு வந்துச்சே கோவம்! அது ஷார்ட்வேவ் டயதெர்மியாம், அதாவது அலைகள அனுப்பி சதைக்கு உள்ள சூடு குடுக்கற மெஷினாம், உள்ள மெட்டல் இருக்கற இடத்துல வைக்கவே கூடாதாம், மெட்டல் சூடேறி சுத்தி இருக்கற சதை வெந்துடுமாம். முட்டிக்கு அடியில தலகாணி வச்சா கால் மடங்குன வாக்குலயே இறுகிப்போகும், துண்ட சுருட்டி குதிகாலுக்கு அடியில தான் வைக்கணும்னாரு. இன்னும் லேட்டாகியிருந்தா மயக்கம் குடுத்து மடக்கி விடணுமாம், கேட்டதும் எனக்கு கை காலெல்லாம் நடுங்கிருச்சு.

இப்ப ஆஸ்பத்திரி பிசியோ மேடம் தான் பாக்குறாங்க. டாக்டர் எழுதின வலி மாத்திரைய எக்சர்சைஸுக்கு அரை மணி, முக்கா மணி முன்னாடி போடணும், முடிச்சதும் ஐஸ துணில சுத்தி 15, 20 நிமிஷம். மாத்திரை போடுறதே மடக்கி நீட்டுறதுக்குத் தான்னு அவங்க சொன்னப்புறம் தான் அம்மாவுக்கு தைரியமே வந்துச்சு. கெண்டைக்கால் வீங்கி வலிச்சா ரத்தக்கட்டியா இருக்கலாம், பிசியோவுக்கு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு போயிடணும்னும் சொன்னாங்க.

தயவுசெஞ்சு பிசியோதெரபி டிகிரியான பிபிடி சர்டிபிகேட்ட கண்ணால பாக்காம யாரையும் காலத் தொட விடாதீங்க, மொத்தப் பணத்தையும் முன்னாடியே குடுக்காதீங்க. மிச்சப் பணத்த கேட்டா "பேக்கேஜ்ல ரீஃபண்ட் கிடையாது"ன்னு நம்பர பிளாக் பண்ணிட்டாங்க. 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைண்ட் குடுத்திருக்கோம், பணம் அனுப்புன ரசீது, வாட்ஸ்அப் சாட் எல்லாம் பத்திரமா இருக்கு.