விண்டோஸில் அப்டேட்டை நீக்கும் வசதி எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

அப்டேட் ஏறிய மறுநாளே பிரிண்டரோ வைஃபையோ முரண்டு பிடித்தால், அந்த அப்டேட்டை நீக்குவதற்கான வழி விண்டோஸ் 11-க்குள்ளேயே இருக்கிறது. ஆனால் கண்ணில் படும் இடத்தில் இல்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அப்டேட் ஹிஸ்டரி, அந்த நீண்ட பட்டியலையும் கடந்து அடியில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ என்று தேடிப் போக வேண்டும்.

மாதாந்திர அப்டேட்டுகளைப் பொறுத்தவரை இந்த வசதியில் பெரிய குறை இல்லை. 2021 மார்ச்சில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5000802 அப்டேட்டால், சில பிரிண்டர்களில் பிரிண்ட் கொடுத்த மாத்திரத்தில் நீலத்திரை வந்து கணினி நின்றுபோனது. அதை நீக்கி ரீஸ்டார்ட் செய்தவர்களால், திருத்தம் வெளிவரும்வரை காத்திராமல் வேலையைத் தொடர முடிந்தது. சொந்தக் கோப்புகளை இது தொடுவதில்லை. ஆனால் நீக்கிய கையோடு அப்டேட்டுகளை ‘பாஸ்’ (தற்காலிக நிறுத்தம்) செய்து வைக்காவிட்டால் அதே அப்டேட் மீண்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதையும், அந்த மாதத்துப் பாதுகாப்புத் திருத்தங்களும் அதனுடன் போய்விடுகின்றன என்பதையும் அந்தத் திரையிலேயே எழுதியிருக்கலாம்.

பதிப்பே மாறும் பெரிய அப்டேட்டிலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்ப ‘கோ பேக்’ என்ற தனிப் பொத்தான் உண்டு. விண்டோஸ் 10 வந்த புதிதில் 30 நாளாக இருந்த அவகாசம், 2016-இல் 10 நாளாகச் சுருங்கியது. பழைய பதிப்பைத் தாங்கும் ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டர் பல ஜிபி இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது நியாயமான காரணம்தான். ஆயினும், மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது மட்டுமே தலைகாட்டும் ஒரு கோளாறு 10 நாளுக்குள் எப்படித் தெரியவரும்? அந்த அவகாசம் முடிவதற்குள் டிஐஎஸ்எம் என்ற விண்டோஸ் பராமரிப்புக் கருவியில் கட்டளை கொடுத்து 60 நாள்வரை நீட்டிக்கலாம் என்பது உண்மையே, ஆனால் சாதாரணப் பயனர் அதைத் தேடிப் போகமாட்டார்.

கணினி பூட் ஆகவே மறுக்கும்போதுதான் இந்த வசதிக்கு உண்மையான சோதனை. பூட் தொடர்ந்து தோற்றால் ரீகவரி திரை தானாக வரும். கடைசி அப்டேட்டை அங்கிருந்தும் நீக்கலாம். டிரைவைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க ரீகவரி எண்ணையும் கேட்கக்கூடும் என்பதால், அதை முன்கூட்டியே வேறிடத்தில் குறித்து வைப்பது அவசியம். 2025 அக்டோபர் 14-இல் வந்த அப்டேட்டோ, இந்த ரீகவரி திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் இயங்காதபடி செய்துவிட்டது; அதாவது, அப்டேட்டை நீக்க வேண்டிய இடத்தையே அந்த அப்டேட் முடக்கியது. அக்டோபர் 20-இல் திருத்தம் வரும்வரை, தொடுதிரையோ யுஎஸ்பி அல்லாத பழைய பிஎஸ்2 இணைப்பு கீபோர்டோ வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். ரீகவரி டிரைவ் ஒன்றை யுஎஸ்பியில் தயார் செய்து வைத்திருந்தவர்களுக்கும் அந்த வழி திறந்தே இருந்தது.