லா பெல்லா கம்பியும் ஒரு துண்டு ஸ்பாஞ்சும்

போன தை மாதம் எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு ஓர் அறுபதாம் கல்யாண ரிசப்ஷன் வந்தது. ‘மாப்பிள்ளை’ எண்பதுகளின் தொடக்கத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். வழக்கமான பாட்டெல்லாம் முடிந்தபின் அரை மணி நேரம் அந்தக் காலத்து அமெரிக்க டிஸ்கோ மட்டும் வாசிக்க வேண்டும், அதுவும் தான் கேசட்டில் கேட்ட மாதிரியே இருக்க வேண்டும் என்று அவரே போன் போட்டுச் சொன்னார். பாட்டுப் பட்டியலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

முதல் ரிகர்சலை போனில் பதிந்து கேட்டேன். டிரம்ஸ் சரி. கீபோர்டில் வயலின் சத்தம் சரி. நான் வாசிக்கிற பேஸ் கிட்டார்தான் உதைத்தது. ஒரு ஸ்வரம் ஓய்வதற்குள் அடுத்தது வந்து அதன் தலையில் ஏறி உட்காருகிறது. காலால் மிதித்து அடிக்கிற கிக் டிரம் எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. என்னுடையது ஸ்குவையர் பிரிசிஷன் மாடல் பேஸ், 2011-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. சர்ச்சிலும் கல்யாண மேடையிலும் இத்தனை வருடம் சோறு போட்ட கிட்டார், அதன் மேல் குறை சொல்ல மனசு வரவில்லை.

ஆகவே முட்டாள்தனமாக முதலில் ஒரு பெடல் வாங்கினேன். ஏதோ வீடியோவில் ‘டிஸ்கோவுக்கு இது கட்டாயம்’ என்று காட்டினார்கள். என்வலப் ஃபில்டர். கம்பியை எவ்வளவு அழுத்தித் தட்டுகிறோமோ அவ்வளவு வாயைத் திறந்து ‘குவாக்’ என்னும். எழுபதுகளின் ஃபங்க் பாட்டுகளுக்கு அது அழகு, பேஸ்காரர் பூட்ஸி காலின்ஸ் மாதிரி ஆளின் கையில் இன்னும் அழகு. என் கையில் வாத்துப் பண்ணை. ஒரே மாதத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு அரை விநாடி. டிஸ்கோவின் அந்த ‘டும்-டக் டும்-டக்’ இருக்கிறதே, கீழே ஒரு ஸ்வரம், உடனே அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே, அதில் ஒவ்வொன்றுக்கும் கால் விநாடிதான். பேஸின் திறந்த ஈ கம்பி விநாடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. கால் விநாடியில் பத்தே அதிர்வு! அதற்குள் பிறந்து, ஒலித்து, அடுத்தவனுக்கு இடம் விட்டு ஒதுங்க வேண்டும். மேலே உருண்டைக் கம்பி சுற்றிய சாதாரண ரவுண்ட்வவுண்ட் கம்பி அப்படி ஒதுங்குகிற ஜாதி இல்லை. விட்டால் பத்து விநாடி பாடும்.

பழைய ஆட்கள் இதற்கு என்ன செய்தார்கள் என்று தேடினால் எல்லாப் பாதையும் டெட்ராய்டில் போய் முட்டுகிறது. அங்கிருந்த மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியில் வாசித்த பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனில் லா பெல்லா கம்பெனியின் ஃப்ளாட்வவுண்ட், அதாவது மேலே தட்டை ரிப்பன் சுற்றிய கம்பிதான் போட்டிருந்தார். அறுந்தாலொழிய மாற்றமாட்டாராம். கம்பிகள் கீழ்முனையில் உட்காருகிற பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச். மூடிக்குள் ஸ்பாஞ்ச் வைத்து விற்றதே ஃபெண்டர் கம்பெனிதான், பெரிய டபுள் பேஸ் மாதிரி குட்டையாக ஒலிக்கட்டும் என்று. ஜேமர்சனின் பெரிய பாட்டுகள் டிஸ்கோவுக்கு முந்தியவை, சரி. ஆனால் 1973-இல் பிலடெல்பியாவின் சிக்மா சவுண்ட் ஸ்டூடியோவில் பதிவான ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாட்டைக் கேளுங்கள். எர்ல் யங் நான்கு அடிக்கும் கிக் வைத்து, ஜோடித் தாளத் தட்டான ஹை-ஹேட்டைத் திறந்து திறந்து மூடுகிறார். டிஸ்கோ டிரம்ஸுக்கு அச்சு வார்த்ததே அங்கேதான். ரானி பேக்கரின் பேஸ் அந்தக் கிக்கை ஓர் இடத்தில்கூட மிதிக்காமல் நடந்து போகிறது. எனக்கு வேண்டியது அந்த நடை.

லா பெல்லாவில் ‘டீப் டாக்கிங் பேஸ்’ என்ற வரிசையில் 760எஃப்எஸ் செட் வாங்கினேன். கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், 45, 65, 85, 105. ஜேமர்சன் போட்ட கனத்தில், 52-இலிருந்து 110 வரை, இன்னொரு செட்டும் வருகிறது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் போட கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காருகிற நட்டில் இருக்கும் பள்ளத்தை அரம் வைத்து ராவ வேண்டும், கழுத்தும் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும், என் விரலும் தாங்க வேண்டும். வேண்டாம் சாமி.

ஆன்லைனில் ஆர்டர் போட்ட கடை முதலில் நீளம் குறைந்த பேஸுக்கான ஷார்ட் ஸ்கேல் செட்டை அனுப்பிவைத்தது. பிரித்துப் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, நூல் சுற்றிய நுனி தொடங்கிவிட்டது, கம்பியோ இன்னும் நட்டையே தாண்டவில்லை. திருப்பி அனுப்பி, பேசி, கெஞ்சி, சரியான செட் கைக்கு வர மூன்று வாரம். விலை ஐயாயிரத்துச் சொச்சம். வீட்டில் இரண்டாயிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

போடும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். ரவுண்ட்வவுண்ட் கம்பியின் மேல் சுற்று உருண்டைக் கம்பி. இதில் சுற்றியிருப்பது ரிப்பன் மாதிரித் தட்டையான ஸ்டீல். நீளம் அளந்த உடனே கட்டிங் பிளேயரால் வெட்டினால் அந்த ரிப்பன் உள்ளே நழுவித் தளர்ந்துபோகும், கம்பி செத்த கம்பியாகிவிடும். வெட்டப்போகிற இடத்துக்கு முன்னால் பிளேயரில் பிடித்து நன்றாக மடித்துவிட்டு, மடிப்புக்கு அந்தப் பக்கம் வெட்டுங்கள். இழுப்பு அதிகம் என்பதால் மறுநாள் காலையில் என் கிட்டாரின் கழுத்து லேசாக முன்னால் வளைந்திருந்தது. கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைக் கால் சுற்று இறுக்கியதும் சரியாயிற்று.

முதல் வாரம் ஏமாற்றம்தான். புதுக் கம்பிக்கே உள்ள ஒரு கிணுகிணுப்பு இதிலும் இருக்கிறது. தினம் ஒரு மணி நேரம் வாசித்து, விரல் எண்ணெய் ஏறி, மூன்றாவது வாரத்தில்தான் அது அடங்கியது. அடங்கியபின் கிடைத்த ஒலியை எப்படிச் சொல்ல? அரிசி மூட்டையை உள்ளங்கையால் தட்டின மாதிரி. ‘தும்’ என்று விழுகிறது, ‘ம்’ நீளவில்லை. விரலை நகர்த்தினால் கீச்சென்ற சத்தமே இல்லை. எனக்கு இன்னொரு லாபம், நான் இருப்பது ராயபுரம். கடற்காற்றிலும் வேர்வையிலும் ரவுண்ட்வவுண்ட் இரண்டு மாதத்தில் சொரசொரத்து மங்கிவிடும். இது பத்து மாதமாக வழவழவென்று அப்படியே இருக்கிறது.

ஆனால் பாதி வேலையைத்தான் கம்பி செய்தது. மீதிப் பாதியைச் செய்தது பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச். பச்சை நாரை உரித்து எறிந்துவிட்டு, மஞ்சள் பஞ்சை விரற்கடை அகலத்துக்கு நறுக்கி, பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகினேன். முதல் தடவை ஈ கம்பியும் ஜி கம்பியும் தொண்டை அடைத்துப்போயின, நடுவில் உள்ள இரண்டும் வழக்கம்போல் பாடின. காரணம் எளிது: விரற்பலகை லேசாகக் குவிந்திருப்பதால் நடுக் கம்பிகள் உடம்பிலிருந்து கொஞ்சம் உயரத்தில் ஓடுகின்றன. ஸ்பாஞ்சோ ஒரே மட்டம். கத்தரிக்கோலால் இரண்டு ஓரத்தையும் சீவி, நடுவில் திட்டு மாதிரி விட்டேன். நான்கு துண்டு வீணாகி ஐந்தாவது சரியாக உட்கார்ந்தது. கம்பியை மேலே தள்ளுகிற அளவுக்குத் தடிமனாக வைத்தால் சுருதி ஏறிவிடும். செருகியபின் ஒரு தடவை டியூன் பண்ணிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சாமான், உரத்த ஒலியை அமுக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் நிறுத்துகிற கம்ப்ரசர் பெட்டி. எம்எக்ஸ்ஆர் எம்87. இது நண்பனுடையது, இன்னும் திருப்பித் தரவில்லை. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் இருந்த 1176 கம்ப்ரசர் மாதிரியே இதிலும் 4, 8, 12, 20 என்று நான்கு அமுக்கு விகிதம். நான் 4-ஐத் தாண்டுவதில்லை. அமுக்கத் தொடங்கும் வேகமான அட்டாக்கைக் கொஞ்சம் மெதுவாக வைத்தால் விரல் பட்ட முதல் தட்டு தப்பித்து வெளியே வருகிறது, அதற்குப் பின்னால் வருவதைத்தான் பெட்டி அமுக்குகிறது. மேல் ஸ்தாயி ‘டக்’கும் கீழ் ‘டும்’மும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. நல்ல பெட்டி. ஆனால் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கம்பியை வாங்குங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இது பிலடெல்பியா ஒலி. நீங்கள் தேடுவது ஷிக் என்ற டிஸ்கோ குழுவின் ‘குட் டைம்ஸ்’ (1979) என்றால் இந்தச் செட் உங்களுக்கு இல்லை. அந்தக் குழுவின் பேஸ்காரர் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்தது மியூசிக் மேன் ஸ்டிங்ரே. 1976-இல் வந்த கிட்டார், கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற ஒற்றைப் பெரிய பிக்கப், உள்ளேயே பேட்டரி போட்ட ப்ரீஆம்ப். அதன் முன்பல் கடி என் பிரிசிஷனில் ஃப்ளாட்வவுண்டோடு வரவே வராது. அவர் கையும் வேறு. கட்டைவிரலோடு சேர்த்துப் பிடித்த ஆள்காட்டி விரலை பிளெக்ட்ரம் மாதிரி மேலும் கீழும் வீசுவார். அதை ஒரு மாதம் பழகிப் பார்த்தேன், நகம்தான் போயிற்று. அந்தப் பாட்டில் ஈ ஸ்வரம் மூன்று தடவை ஊன்றி விழுந்தபின் வரும் சின்ன மௌனம் இருக்கிறதே, ஸ்பாஞ்சின் தயவில் அதை மட்டும் ஒழுங்காகக் கொண்டுவர முடிந்தது. கட்டைவிரலால் கம்பியை அடித்து ஸ்லாப் வாசிக்கிற பிள்ளைகளும் இந்தக் கம்பிப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

ரிசப்ஷனில் சவுண்ட்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார். “சார், லைன் டல்லா வருதே, ட்ரெபிள் ஏத்தட்டுமா?” என்றார். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றேன். இரண்டாவது பாட்டில் அவரே கிக்கைக் கொஞ்சம் குறைத்து என்னைக் கொஞ்சம் ஏற்றிவிட்டார். மாப்பிள்ளை பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மாமி மட்டும் கடைசிவரை நாற்காலியை விட்டு எழவில்லை.

அன்று ராத்திரி வீடு வர இரண்டு மணி. ஸ்பாஞ்சை எடுக்க மறந்து, காலையில் அப்படியே சர்ச்சுக்குப் போய்விட்டேன். முதல் பாட்டு மெதுவான பாட்டு, ஒவ்வொரு ஸ்வரமும் நான்கு அடி நிற்க வேண்டும். ஒன்றுகூட நிற்கவில்லை. கீபோர்ட் அண்ணன் வாசித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, “தம்பி, என்னடா, கதவு தட்டுற மாதிரி இருக்கு?” என்றார். ஜெபம் தொடங்கி எல்லாரும் கண்ணை மூடிய நேரத்தில் ஸ்பாஞ்சை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.