இடது வீல் சூடும் பல்லடம் ரோடு ஒர்க்‌ஷாப்பும்

என் காருக்கு ஒன்பது வயது. ஒரு மாதமாக இடது பக்கம் இழுத்தது, மைலேஜும் குறைந்தது. ஊட்டியிலிருந்து இறங்கியதும் கருகிய வாடை. முன் இடது வீல் பக்கம் கை வைக்க முடியவில்லை. வலது வீல் இளஞ்சூடுதான். நான் வழக்கமாக விடும் சர்வீஸ் சென்டரில் பார்க்காமலே "காலிப்பர் செட் மாத்தணும்" (வீலின் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகம்) என்று பதினோராயிரத்துக்கு எஸ்டிமேட் நீட்டினார்கள்.

நண்பர் சொல்லி, பல்லடம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் ஜாக்கி போட்டு வீலைச் சுற்றிப் பார்த்தார், நகரவில்லை. காலிப்பரில் பிரேக் ஆயிலை வெளியேற்றும் சின்னத் திருகான பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறந்தார். "இப்ப லூஸானா பிரேக் ஆயில் ஹோஸ் அடைப்புன்னு அர்த்தம் சார். ஆகலை பாருங்க, பின்னோ பிஸ்டனோதான் பிடிச்சிருக்கு." கழற்றினால், காலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் கீழ் ஸ்லைடு பின் துருவேறி ஒட்டியிருந்தது. உள் பிரேக் பேட் தேய்ந்து தகடு தெரிந்தது, வெளிப் பேடில் பாதி மிச்சம்.

எமரி தாள் போட்டு பின் ஓட்டையைச் சுத்தம் செய்து, புது பின், ரப்பர் பூட், சிலிகான் கிரீஸ். சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடுமாம். பேடை அழுத்தும் பிஸ்டன் கையால் அழுத்தியதும் உள்ளே போனதால் அதைத் தொடவில்லை. இரு பக்கமும் புது பேட். மொத்தம் 2,900 ரூபாய்.

குறை? மதியம் என்றவர் இரவு எட்டுக்குத்தான் விட்டார். பில்லும் துண்டுச் சீட்டுதான். ஆனால் பழைய பின்னைக் கையில் கொடுத்தார். இப்போது இரண்டு வீலும் ஒரே சூடு.