முன்னே போகும் மெட்ரோவை எவ்வளவு நெருங்கலாம்?

மெய்நிகர் இணைப்பில் இரண்டு மெட்ரோ ரயில்களைப் பூட்டக் கொக்கி கிடையாது, ரேடியோதான். முன்வண்டி தன் இடம், வேகம், பிரேக் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போகும். பின்வண்டி கேட்டுக்கொண்டே தொடரும். நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்பதில்தான் வழிகள் மாறுகின்றன. சென்னை மெட்ரோவில் 2021 பிப்ரவரியில் திறந்த விம்கோ நகர் நீட்டிப்பில் ஓர் இடத்தை வைத்து இவற்றை உரசிப் பார்க்கலாம்.

புதுவண்ணாரப்பேட்டையில் தூண்கள்மேல் ஓடும் பாதை, தண்டையார்ப்பேட்டைக்கு வருவதற்குள் சரிந்து சுரங்கத்தில் இறங்கிவிடும். ஐப்பசி மழை நேரம். முன்வண்டி காய்ந்த சுரங்கத்துக்குள் போய்விட்டது, பின்வண்டி இன்னும் நனைந்த சரிவில். இரண்டும் மணிக்கு 60 கி.மீ. வேகம். முன்வண்டி அவசர பிரேக் போட்டால் நொடிக்கு நொடி 1.3 மீ. வேகம் குறைகிறது என்று வைப்போம். பின்வண்டிக்கு ஈரமும் சரிவும் சேர்ந்து 0.9தான் கிடைக்கிறது, சேதி வந்து பிரேக் பிடிக்க ஒரு நொடி. முன்வண்டி 107 மீட்டரில் நிற்கும், பின்வண்டிக்கு 171 வேண்டும். வித்தியாசம் 64 மீட்டர்.

எப்போதும் 20 மீட்டர் என்று நிலையான இடைவெளி வைத்தால் மோதல் நிச்சயம். இதை நான் பரிசீலிக்கவே மாட்டேன்.

இரண்டு நொடி இடைவெளி என்பது கேட்க நன்றாக இருக்கும். 20 கி.மீ. வேகத்தில் 11 மீட்டர் கிடைக்கிறது, இதே பிரேக் கணக்குக்கு அது சரியாகப் போதும். ஆனால் 60-இல் 33 மீட்டர்தான். பிரேக் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் வளர்கிறது, இந்த இடைவெளியோ வேகத்தோடு மட்டும் வளர்கிறது. அங்கேதான் இது கோட்டை விடுகிறது.

சார்பு பிரேக் தூரம்தான் உண்மையான போட்டியாளர்: முன்வண்டியின் மிக நல்ல பிரேக்கையும் பின்வண்டியின் மிக மோசமான பிரேக்கையும் எடுத்து, அந்த 64 மீட்டருக்கு மேல் கொஞ்சம் கூட்டி விடுவது. விம்கோ நகர் நோக்கி ஏறும்போது ஈரத்தில் இருப்பது முன்வண்டி என்பதால் தேவை குறையும். ஆகவே கணக்கு இடத்துக்கு இடம், திசைக்குத் திசை மாற வேண்டும். ஒரே எண்ணை எல்லா இடத்துக்கும் எழுதி வைப்பது ஆபத்து.

இன்னொரு பக்கம் மூவிங் பிளாக், மெய்நிகர் இணைப்பு இல்லாத சிக்னல் முறை. முன்வண்டி இருந்த இடத்திலேயே சட்டென்று நின்றுவிடும் என்று வைத்து முழு 171 மீட்டரையும் விடுகிறது. முன்வண்டி தடம் புரண்டு பிரேக் தூரத்துக்கு முன்பே நின்றாலும் இது காப்பாற்றும். சார்பு முறை காப்பாற்றாது. ரேடியோ அறுந்தாலும் இதில் பதற்றம் குறைவு.

சரி, நெருங்குவதால் லாபம் என்ன? இந்தத் தடத்தில் இப்போது ஓடுவது நான்கு பெட்டி வண்டிகள். நடைமேடை ஆறு பெட்டிக்குக் கட்டியது. நான்கும் நான்கும் எட்டு. இரண்டும் சேர்ந்து ஒரே மேடையில் நிற்க முடியாது, பின்வண்டி வெளியே காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் இங்கே என் ஓட்டு முதலில் ஆறு பெட்டிக்கு, அடுத்து மூவிங் பிளாக்குக்கு. மெய்நிகர் இணைப்பு வந்தாலும் அந்தச் சரிவில் மட்டும் முழு இடைவெளிக்கு விலகி, இரண்டு வண்டியும் சுரங்கத்துக்குள் வந்தபின்தான் நெருங்க விட வேண்டும்.