டெங்கு கணக்கு: பதிவான தேதியா, காய்ச்சல் தொடங்கிய தேதியா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கம் டெங்கு எண்ணிக்கையைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். அந்த எண்ணிக்கையை இரண்டு விதமாக அடுக்கலாம்.

பதிவான தேதிப்படி அடுக்குவது எளிது. இன்றைய எண் இன்றே கிடைக்கும், பிறகு அதிகம் மாறாது. ஆனால் தீபாவளி விடுமுறையில் பதிவு குறைந்து, அடுத்த நாள் மொத்தமாக ஏறும். நோய் தணிந்து மறுபடி கிளம்பியது போலத் தோன்றும்.

காய்ச்சல் தொடங்கிய தேதிப்படி அடுக்கினால்தான் நோயின் உண்மையான போக்கு தெரியும். அம்பாசமுத்திரத்தில் ஒருவருக்குத் திங்களன்று காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். முதலில் மருந்துக்கடை மாத்திரை, அப்புறம் பாளையங்கோட்டையில் ரத்தப் பரிசோதனை, முடிவு, பதிவு என்று ஒரு வாரம் ஓடிவிடலாம். கொசு கடித்ததோ காய்ச்சலுக்கும் 4 முதல் 10 நாள் முன்னால். எந்தத் தெருத் தொட்டிகளை முதலில் பார்ப்பது என்று முடிவெடுக்க, காய்ச்சல் தொடங்கிய தேதிதான் வேண்டும். ஒரு குறை உண்டு: அண்மையில் காய்ச்சல் கண்டவர்கள் இன்னும் பதிவாகியிருக்க மாட்டார்கள் என்பதால், கடைசிச் சில நாட்களின் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே தெரியும். அதை நோயின் சரிவு என்று நம்பிவிடக் கூடாது.

என் ஓட்டு இரண்டாவதற்கே. ஆனால் பதிவில் இரண்டு தேதியும் இருந்தே ஆக வேண்டும். அவற்றின் இடைவெளிதான் தாமதம். அது கூடிக்கொண்டே போனால் எங்கோ வேலை தேங்குகிறது.

பல ஆண்டுகளை ஒப்பிடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2012-இல் டெங்கு வாட்டிய கடையநல்லூர் அப்போது நெல்லை மாவட்டம். 2019 முதல் தென்காசி மாவட்டம்.